விகிதத்தை நம்பிய சில்லு
மின்னூட்டத்தால் அளக்கும் சுற்றுகளின் அரை நூற்றாண்டு

தொலைபேசியில் பேசும் குரல், இ.சி.ஜி. மின்முனையில் எழும் சிறு மின்னழுத்தம், கொதிகலனின் வெப்பத்தைச் சொல்லும் உணரியின் குறிகை ஆகிய எல்லாமே இடைவெளி இல்லாமல் மாறுகிறவை. கணினி எண்களை மட்டுமே ஏற்கும். மாறிக்கொண்டே இருக்கும் மின்னழுத்தத்தை ஒரு கணத்தில் பிடித்து நிறுத்தி, முன்பே வகுத்துவைத்த படிகளில் அது எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லும் சுற்று ஒன்று இரண்டுக்கும் நடுவே தேவைப்படுகிறது. அதுதான் அனலாக்–டிஜிட்டல் மாற்றி. 8 பிட் மாற்றியில் 256 படிகள், 10 பிட் மாற்றியில் 1024 படிகள், 16 பிட் மாற்றியில் 65,536 படிகள்.

இந்த வேலைக்கு வழிகள் பல உண்டு. மின்தேக்கிகளில் சேமித்த மின்னூட்டத்தை இடம் மாற்றி அளக்கும் முறை அவற்றுள் மிகப் பரவலானது. விலை மலிந்த மைக்ரோகண்ட்ரோலர்களில் பெரும்பாலானவை இதையே கொண்டிருக்கின்றன. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மெக்ரியரியும் பால் கிரேயும் 1975 டிசம்பரில் ஐஇஇஇ அமைப்பின் திண்மநிலைச் சுற்றுகள் இதழில் எழுதிய கட்டுரையே இம்முறையின் அடித்தளம். அவர்களுடைய வெற்றி எதில் இருந்தது என்பதே நம் கேள்வி. துல்லியமான உறுப்பு எதையும் அவர்கள் செய்துவிடவில்லை. துல்லியமற்ற உறுப்புகளுக்கு இடையிலும் விகிதம் பிசகாமல் நிற்கும் என்பதைக் கண்டார்கள். முழுச் சுற்றையும் அந்த விகிதத்தின் மேல் கட்டினார்கள்.

சில்லுக்கு முன்

குரலை எண்களாக்கி அனுப்பலாம் என்ற எண்ணம் டிரான்சிஸ்டருக்கு முந்தியது. பாரிஸில் ஐடிடி நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆங்கிலேயர் அலெக் ரீவ்ஸ் 1938இல் துடிப்புக் குறியீட்டு முறைக்குப் பிரெஞ்சுக் காப்புரிமை கோரினார். அவர் வரைந்த மாற்றி 5 பிட் கொண்டது. குரலை 32 படிகளாகப் பிரித்தது. வெற்றிடக் குழாய்களின் காலத்தில் அதை மலிவாகச் செய்ய வழி இருக்கவில்லை.

1940களின் பிற்பகுதியில் பெல் ஆய்வகங்களில் படிப்படியாக நெருங்கும் முறை மாற்றிகளுக்குள் வந்தது. இதன் கணக்கு தராசுக் கணக்கு. 1, 2, 4, 8, 16, 32 என இரட்டிக்கும் எடைக்கற்கள் இருந்தால் 63 வரையிலான எந்த எடையையும் நிறுத்துவிடலாம். இத்தாலியக் கணிதர் டார்டாக்லியா 1556இலேயே இந்த வரிசையைச் சொல்லியிருக்கிறார். பெரிய கல்லை முதலில் வைக்க வேண்டும். தட்டு தாழ்ந்தால் அதை எடுத்துவிட்டு அடுத்த கல்லை வைக்க வேண்டும். தாழாவிட்டால் அது இருக்கட்டும். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரே ஒரு சோதனைதான். ஆகவே 1024 படிகளில் ஒன்றைக் கண்டுபிடிக்க 10 சோதனைகள் போதும்.

இம்முறையில் விற்பனைக்கு வந்த முதல் கருவிகளுள் புகழ்பெற்றது, பெர்னார்ட் கோர்டன் எப்ஸ்கோ நிறுவனத்தில் 1954இல் உருவாக்கிய டேட்ராக். 11 பிட் துல்லியத்தில் நொடிக்கு 50,000 அளவீடுகளை அது எடுத்தது. 500 வாட் மின்சாரம் தின்றது. எடை 150 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 68 கிலோ. 1962இல் பெல் நிறுவனம் டி1 என்ற தொலைபேசி இணைப்பைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு குரலையும் நொடிக்கு 8000 முறை அளந்து, 24 குரல்களை ஒரே இணைப்பில் அது அனுப்பியது. அங்கே மாற்றி விலையுயர்ந்த பொருள் என்பதால் 24 பேருக்கும் பொதுவாக ஒன்றையே வைத்தார்கள். தொலைபேசித் துறைக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஆளுக்கு ஒரு மாற்றி. அதற்கு அது ஒரு சில்லின் மூலையில் அடங்கும் அளவுக்குச் சுருங்க வேண்டும்.

எம்ஓஎஸ்ஸின் வறுமையும் செல்வமும்

1970களின் தொடக்கத்தில் இருமுனை டிரான்சிஸ்டர் சில்லுகளில் மாற்றிகள் செய்யப்பட்டன. அவற்றில் எடைக்கற்களின் வேலையைச் செய்தவை மின்தடையங்கள். நல்ல துல்லியம் வேண்டுமென்றால் மெல்லிய உலோகப் படலத்தில் மின்தடையத்தைச் செய்து, லேசரால் செதுக்கி மதிப்பைத் திருத்த வேண்டியிருந்தது. அளக்கப்படும் மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்த இன்னொரு சுற்றும் தேவைப்பட்டது.

அதே காலத்தில் டிஜிட்டல் உலகம் எம்ஓஎஸ் (உலோக–ஆக்சைடு–குறைகடத்தி) டிரான்சிஸ்டர் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. நினைவகங்களும் 1971இல் வந்த இன்டெல் 4004 நுண்செயலியும் அந்த வகையில் செய்யப்பட்டவை. மாற்றியையும் டிஜிட்டல் சுற்றையும் ஒரே சில்லில் வைக்க வேண்டுமானால் மாற்றியும் எம்ஓஎஸ் ஆலையிலேயே உருவாக வேண்டும். அனலாக் பொறியாளர் கண்ணுக்கு அந்த ஆலை வறண்ட நிலம். அங்கே மின்தடையங்கள் மோசமானவை. பெருக்கிகளின் பெருக்கம் குறைவு. இரு டிரான்சிஸ்டர்களின் தொடக்க மின்னழுத்தம் ஒன்றுபோல் அமைவதில்லை.

ஆனால் அங்கே மூன்று செல்வங்கள் இருந்தன. முதலாவது, நல்ல மின்தேக்கி. சிலிக்கான் டை ஆக்சைடு மிகச் சிறந்த காப்புப் பொருள்; அதன் மேலும் கீழும் ஒரு தகடு இருந்தால் மின்தேக்கி தயார். இரண்டாவது, நல்ல ஸ்விட்ச். மின்னோட்டம் நின்றதும் எம்ஓஎஸ் ஸ்விட்சின் இரு முனைகளும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிடும். இருமுனை டிரான்சிஸ்டரிலோ சிறு எச்ச மின்னழுத்தம் தங்கும். மூன்றாவது, எம்ஓஎஸ் டிரான்சிஸ்டரின் வாயில்முனை நிலையான மின்னோட்டம் எதையும் இழுப்பதில்லை. ஆகவே மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டத்தைச் சிந்தாமல் பார்க்க முடியும். சேமிக்க, இடம் மாற்ற, தொடாமல் பார்க்க என மூன்றுக்கும் வழி இருந்தது.

மின்தேக்கியின் தனி மதிப்பை நம்ப முடியாது. ஆக்சைடின் தடிமன் ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் இன்னொன்றுக்கும் பத்து விழுக்காடு வரைகூட மாறலாம். ஆனால் ஒரே சில்லில் அடுத்தடுத்து இருக்கும் இரு மின்தேக்கிகளுக்கு ஒரே ஆக்சைடுதான். ஒன்று தடித்தால் மற்றதும் தடிக்கும். அவற்றின் விகிதம் பரப்பின் விகிதமாகவே நிற்கும். பரப்பை வரைபடம் தீர்மானிக்கிறது. அந்த விகிதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியம் கிடைத்தது. 10 பிட் மாற்றி இதைக்கொண்டு எட்டிவிடும் தொலைவில் இருந்தது.

மின்னூட்டம் பங்கிடப்படும் விதம்

சுற்றின் வேலையை 4 பிட் உதாரணத்தில் பார்த்துவிடலாம். ஐந்து மின்தேக்கிகள் இருக்கின்றன: 8, 4, 2, 1 என்ற விகிதத்தில் நான்கு, கூட்டுத்தொகை 16 ஆவதற்காக மேலும் ஒரு 1. எல்லாவற்றின் மேல்தகடுகளும் ஒரே கம்பியில் இணைந்து, மின்னழுத்தம் சுழிக்கு மேலா கீழா என்று மட்டும் சொல்லும் ஒப்பீட்டுச் சுற்றுக்குச் செல்கின்றன. கீழ்த்தகடு ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்விட்ச். ஆதார மின்னழுத்தம் 5 வோல்ட். அளக்க வேண்டியது 3.3 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கட்டத்தில் மேல்தகடுகள் தரையோடும் (சுழி வோல்ட்), கீழ்த்தகடுகள் உள்ளீட்டோடும் இணைகின்றன. 3.3 வோல்ட்டுக்கு ஏற்ற மின்னூட்டம் மின்தேக்கிகளில் நிறைகிறது. இரண்டாம் கட்டத்தில் மேல்தகட்டின் ஸ்விட்ச் திறக்கிறது. இனி மேல்தகட்டில் இருக்கும் மின்னூட்டத்துக்கு வெளியேற வழி இல்லை. கடைசி வரை அது மாறாது. கீழ்த்தகடுகளைத் தரைக்கு மாற்றினால், மேல்தகடு −3.3 வோல்ட்டுக்கு இறங்கி நிற்கிறது. அளவைப் பிடித்து வைக்கும் வேலையை அதே மின்தேக்கிகள் செய்துவிட்டன. தனிச் சுற்று தேவைப்படவில்லை.

மூன்றாம் கட்டம் நிறுத்தல். மிகப் பெரிய மின்தேக்கியின் கீழ்த்தகட்டை 5 வோல்ட்டுக்கு மாற்றினால், மொத்தத்தில் அது பாதி என்பதால் மேல்தகடு 2.5 வோல்ட் ஏறி −0.8 ஆகிறது. இன்னும் சுழிக்குக் கீழேதான். எனவே முதல் பிட் 1, அந்த ஸ்விட்ச் அப்படியே இருக்கட்டும். அடுத்த மின்தேக்கி 1.25 வோல்ட் ஏற்றுகிறது, மேல்தகடு +0.45க்குப் போகிறது. அளவு மீறிவிட்டது, இரண்டாம் பிட் 0, ஸ்விட்ச் திரும்பத் தரைக்கு வருகிறது. மூன்றாவது 0.625 ஏற்றி −0.175இல் நிறுத்துகிறது: 1. நான்காவது 0.3125 ஏற்றி +0.1375க்குக் கொண்டுபோகிறது: 0. விடை 1010. அதாவது 16 படிகளில் பத்தாவது; 3.125க்கும் 3.4375க்கும் இடையில் உள்ளீடு இருக்கிறது. இதே உள்ளீட்டை 10 பிட் வரை நிறுத்தால் 1010100011, அதாவது 675 கிடைக்கும்.

மெக்ரியரியும் கிரேயும் செய்த மாதிரி, 10 பிட் துல்லியத்தில் ஓர் அளவீட்டை 23 மைக்ரோநொடியில் முடித்தது. கட்டுப்பாட்டுச் சுற்றோடு சேர்த்து முழுச் சில்லாக்கினால் சுமார் 5 சதுர மில்லிமீட்டரில் அடங்கும் என்று மதிப்பிட்டார்கள். அதே இதழில் ரிக்கார்டோ சுவாரெஸ், கிரே, டேவிட் ஹாட்ஜஸ் மூவரும் இன்னும் சிக்கனமான வழியைக் காட்டினார்கள். அதில் இரண்டே சம மின்தேக்கிகள். ஒன்றை நிரப்பி மற்றதோடு இணைத்தால் மின்னழுத்தம் பாதியாகும். மீண்டும் நிரப்பியோ வெறுமையாக்கியோ இணைத்தால் மேலும் ஒரு பிட் சேரும். இடம் மிச்சம், வேகம் குறைவு: 8 பிட்டுக்கு 100 மைக்ரோநொடி.

பிழைகளை வென்ற விதம்

சில்லில் நாம் வரையாத மின்தேக்கிகளும் இருக்கும். ஒவ்வொரு கம்பிக்கும் தகட்டுக்கும் அடியிலுள்ள சிலிக்கானோடு ஓர் ஒட்டுண்ணி மின்தேக்கம் உண்டு. அதன் அளவைச் சரியாகக் கணிக்க முடியாது. மின்னழுத்தத்தோடு அது மாறவும் செய்யும். கீழ்த்தகடுகளில் இருக்கும் ஒட்டுண்ணியால் தீங்கில்லை. ஏனெனில் ஸ்விட்ச் எப்போதும் அதை உறுதியான ஒரு மின்னழுத்தத்தோடு இணைத்து வைக்கிறது. மேல்தகட்டில் இருப்பதே அச்சம் தருவது. ஆனால் மேல்தகடு சுழி வோல்ட்டில் தொடங்கி, நிறுத்தல் முடியும்போது சுழிக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. ஒட்டுண்ணி இடையில் எவ்வளவு மின்னூட்டத்தை விழுங்கியிருந்தாலும் முடிவில் கிட்டத்தட்ட முழுவதையும் திருப்பித் தந்துவிடுகிறது. ஆகவே அதன் அளவு விடையைப் பாதிப்பதில்லை. இந்தச் சுற்றின் மிக அழகான பண்பு என்று நான் கருதுவது இதைத்தான்: தெரியாத அளவை அளந்து திருத்தாமல், அது கணக்கில் வராதபடி செய்துவிட்டார்கள்.

விகிதத்துக்கும் எதிரிகள் உண்டு. அரிப்புக் கரைசல் தகட்டின் ஓரங்களைச் சற்றுத் தின்னும். சிறிய தகட்டுக்கு இந்த இழப்பு விகிதத்தில் அதிகம். 512 மடங்கு மின்தேக்கியை ஒரே பெரிய தகடாக வரைந்தால் விகிதம் கெடும். எனவே ஒரே உருவமுள்ள சிறு தகடுகளை அடுக்கி, 512ஐச் சேர்த்து இணைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பங்கு ஓர இழப்பு. ஆக்சைடு சில்லின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெல்லத் தடித்துச் செல்வதும் உண்டு. அதற்காக ஒவ்வொரு மின்தேக்கியின் துண்டுகளையும் ஒரே மையத்தைச் சுற்றிச் சமச்சீராகப் பரப்புகிறார்கள். ஒரு பக்கத்தின் மிகுதியை மறுபக்கத்தின் குறை ஈடுகட்டுகிறது.

ஸ்விட்சும் குற்றமற்றது அன்று. எம்ஓஎஸ் ஸ்விட்ச் மூடியிருக்கும்போது அதன் தடத்தில் எலெக்ட்ரான்கள் நிறைந்திருக்கும். அது திறக்கும் கணத்தில் அவை இரு பக்கமும் சிதறும். ஒரு பகுதி நம் மின்தேக்கிக்குள் விழும். அந்த அளவு உள்ளீட்டைப் பொறுத்து மாறினால் அளவீடு வளைந்துவிடும். அதனால் எப்போதும் சுழியில் இருக்கும் மேல்தகட்டின் ஸ்விட்சை முதலில் திறக்கிறார்கள். சிந்துவது எப்போதும் ஒரே அளவாகிவிடுகிறது. மாறாத பிழையைக் கழித்துவிடுவது எளிது.

பதினைந்து பிட் என்று வரும்போது வரைபடத் திறமை மட்டும் போதாது. 1984இல் ஹே-சுங் லீ, ஹாட்ஜஸ், கிரே மூவரும், சில்லே தன் மின்தேக்கிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பிழையைக் குறித்துவைத்து, ஒவ்வோர் அளவீட்டிலும் அதைக் கழிக்கும் 15 பிட் மாற்றியைக் காட்டினார்கள். லேசரின் இடத்தை நினைவகம் பிடித்தது.

வெப்பம் போடும் எல்லை

ஆலையின் பிழைகளைத் திருத்தலாம். இயற்கை போடும் எல்லையைத் திருத்த முடியாது. ஸ்விட்சுக்கும் மின்தடை உண்டு. எந்த மின்தடையத்திலும் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் அலைபாய்வதை 1928இல் ஜான்சனும் நைக்விஸ்டும் விளக்கினார்கள். ஸ்விட்ச் திறக்கும் கணத்தில் அந்த அலைச்சலின் ஒரு துளி மின்தேக்கியில் உறைந்துவிடுகிறது. அதன் அளவு ஸ்விட்சின் மின்தடையைப் பொறுத்ததன்று என்பது வியப்பு. வெப்பநிலையும் மின்தேக்கத்தின் அளவும் மட்டுமே அதைத் தீர்மானிக்கின்றன. அறை வெப்பநிலையில் 1 பிகோஃபாரட் மின்தேக்கியில் இந்த இரைச்சல் 64 மைக்ரோவோல்ட்.

1 வோல்ட் வீச்சை 10 பிட்டாகப் பிரித்தால் ஒரு படி ஏறத்தாழ 1 மில்லிவோல்ட். 64 மைக்ரோவோல்ட் அதில் கரைந்துபோகும். 16 பிட்டாகப் பிரித்தால் ஒரு படி 15 மைக்ரோவோல்ட்தான். அங்கே வெப்ப இரைச்சலை, படிகளாகப் பிரிப்பதால் வரும் பிழையின் அளவுக்கு அடக்கவே 200 பிகோஃபாரட்டுக்கு மேல் வேண்டும். ஒவ்வொரு கூடுதல் பிட்டுக்கும் மின்தேக்கம் நான்கு மடங்காக வேண்டும். அதை நிரப்பும் ஆற்றலும் அதே விகிதத்தில் ஏறும். எனவே ‘இன்னும் துல்லியம்’ என்ற கோரிக்கைக்கு மின்கலம்தான் விலை கொடுக்கிறது.

இதே எல்லை கேமராச் சில்லுகளிலும் உண்டு. 1969இல் பெல் ஆய்வகங்களில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய மின்னூட்டப் பிணைப்புச் சாதனமான சிசிடி, ஒளி தந்த மின்னூட்டப் பொதிகளை வரிசையாக நகர்த்திக் கொண்டுவருகிறது. 2009இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வெளிவாயிலில் 10 ஃபெம்டோஃபாரட் மின்தேக்கியை ஒவ்வொரு முறை வெறுமையாக்கும்போதும் சுமார் 40 எலெக்ட்ரான்கள் அளவுக்கு நிச்சயமின்மை தங்கும். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் மார்வின் ஒயிட்டும் சகாக்களும் 1974இல் இதற்கு வழி சொன்னார்கள்: வெறுமையாக்கியதும் ஒருமுறை அள, பொதி வந்தபின் மறுமுறை அள, இரண்டையும் கழி. இங்கும் தனி மதிப்பைக் கைவிட்டு வேறுபாட்டை நம்பியதே தீர்வாயிற்று.

தொலைபேசியிலிருந்து ஒளியிழை வரை

முதல் பெரிய சந்தை எதிர்பார்த்தபடியே தொலைபேசி. மெல்லிய பேச்சுக்கு நுண்ணிய படிகளும் உரத்த பேச்சுக்குப் பெரிய படிகளும் வேண்டும். அதற்கான 8 பிட் விதியில் பகுதிக்குப் பகுதி படியின் அளவு இரட்டிக்கிறது. இரட்டிக்கும் மின்தேக்கி வரிசைக்கு இது தானாகப் பொருந்தியது. 1976இல் யானிஸ் சிவிடிஸும் பெர்க்லி சகாக்களும் அத்தகைய குரல் மாற்றியை எம்ஓஎஸ்ஸில் செய்து காட்டினார்கள். அதன் பின்னரே ஆளுக்கு ஒரு மாற்றி என்பது பொருளாதாரத்துக்குக் கட்டுப்படியானது.

இன்று மாணவர் மேசைகளில் இருக்கும் ஆர்டுயினோ ஊனோ பலகையின் ஏடிமெகா328பி சில்லுக்குள்ளும் 10 பிட் மாற்றி ஒன்று படிப்படியாக நெருங்கும் முறையில் இயங்குகிறது. அதன் பிடிப்பு மின்தேக்கி 14 பிகோஃபாரட். உணரியின் மின்தடை 10 கிலோஓமுக்கு மிகாமல் இருப்பது நல்லது என்று தயாரிப்பாளரின் தரவேடு சொல்கிறது. 1 மெகாஓம் உணரியை இணைத்துப் பாருங்கள்: வழக்கமான 125 கிலோஹெர்ட்ஸ் கடிகாரத்தில் மின்தேக்கி நிரம்பக் கிடைப்பது 12 மைக்ரோநொடி; அதற்குள் அறுபது விழுக்காடு மாற்றம்கூட முடியாது. முந்தைய உள்ளீட்டின் எச்சம் அடுத்த எண்ணில் கலக்கும். பலர் சில்லு பழுது என்று நினைக்கும் இந்தக் குழப்பம், மின்னூட்டம் நிறைய நேரம் வேண்டும் என்ற எளிய உண்மையால் வருவது.

டிரான்சிஸ்டர்கள் சுருங்கச் சுருங்கப் பெருக்கிகளை நம்பிய மாற்றிகள் திணறின. மின்னழுத்தம் குறைந்து பெருக்கமும் வீழ்ந்தது. மின்னூட்டப் பகிர்வு மாற்றிக்கோ துல்லியமான பெருக்கியே தேவையில்லை; ஸ்விட்சும் மின்தேக்கியும் ஒப்பீட்டுச் சுற்றும் போதும். ஸ்விட்சுகள் வேகமடைந்தன, தர்க்கச் சுற்றின் செலவு குறைந்தது. 2008இல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகக் குழு, நொடிக்குப் பத்து லட்சம் அளவீடுகளை 1.9 மைக்ரோவாட்டில் எடுக்கும் 10 பிட் மாற்றியைக் காட்டியது. 2010இல் தைவானின் செங் குங் பல்கலைக்கழகக் குழு, தோல்வியுற்ற சோதனைகளில் ஸ்விட்சைத் திரும்ப மாற்றுவதில் வீணாகும் ஆற்றலைக் கவனித்து, ஸ்விட்ச் வரிசையை மாற்றியே மின்தேக்கிகளின் ஆற்றலில் 81 விழுக்காட்டை மிச்சப்படுத்தியது.

வேகத்துக்கு வேறு வழி. பிளாக், ஹாட்ஜஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1980இல் சொன்னபடி, பல மாற்றிகளை முறைவைத்து இயக்கலாம். ஒளியிழைத் தொடர்புக்காக ஃபுஜிட்சு நிறுவனம் 65 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்த 8 பிட் சில்லு, நொடிக்கு 5600 கோடி அளவீடுகளை எடுத்தது. அதன் உள்ளே மெதுவான மாற்றிகளின் பெரும் படை முறைவைத்து வேலை செய்தது.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. இசைப் பதிவுக்கு வேண்டிய 20 பிட்டுக்கு மேற்பட்ட துல்லியத்தில், மிக வேகமாக அளந்து இரைச்சலைக் கேட்காத அலைவெண்களுக்குத் தள்ளும் சிக்மா–டெல்டா முறையே ஆள்கிறது. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் சாந்தி பவன், ரிச்சர்ட் ஷ்ரையர், கேபர் டெம்ஸ் ஆகியோர் எழுதிய 2017ஆம் ஆண்டுப் பாடநூல் அத்துறையில் அறியப்பட்ட நூல்களுள் ஒன்று. அம்முறையின் பல வடிவங்களிலும் மின்தேக்கிகளின் விகிதமே கணக்கைத் தாங்குகிறது.

1954இன் டேட்ராக் ஓர் அளவீட்டுக்குச் செலவிட்டது 10 மில்லிஜூல். ட்வென்டே சில்லு செலவிட்டது 1.9 பிகோஜூல், ஐந்நூறு கோடி மடங்கு குறைவு. நுணுக்கம் 11 பிட்டிலிருந்து 10 பிட்டுக்கு இறங்கியதைக் கணக்கில் கொண்டாலும் இந்த இடைவெளி குலையாது. குழாயிலிருந்து டிரான்சிஸ்டருக்கு வந்ததும் டிரான்சிஸ்டர் சுருங்கியதும் இதில் பெரும்பங்கு வகித்தன. ஆனால் அந்தச் சுருக்கத்தின் பலனை அனலாக் அளவீடு அனுபவிக்க முடிந்ததற்குக் காரணம், 1975இல் மின்தடையத்தைக் கைவிட்டு மின்னூட்டத்தின் விகிதத்தை நம்பிய முடிவுதான். துல்லியம் வேண்டும் என்றதும் இன்னும் தூய்மையான பொருளைத் தேடுவது பொறியாளரின் இயல்பு. கையில் இருக்கும் மோசமான பொருளில் எது மாறாமல் நிற்கிறது என்று முதலில் கேட்பதே அதிகப் பலன் தரும் என்பதற்கு, இந்த அரை நூற்றாண்டு வரலாறு போதிய சான்று.